மெக்சிகோ கடைச் சாப்பாடு நமக்கு ஒத்துக்காதா?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

நம் காரைக்கால் பக்கத்தில் பிரான்சில் பிள்ளைகள் இருக்கும் குடும்பங்கள் நிறைய. அங்கே போய்வரும் பெரியவர்களிடம் கேட்டால், "எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு, சாப்பாடுதான் ஒத்துக்கலை" என்பார்கள். போகும்போதே பெட்டியில் பாதி சாம்பார்ப் பொடியும் வத்தலும்தான். வேலை முடிந்து ராத்திரி எட்டு மணிக்கு வீடு திரும்பும் மகளோ மருமகளோ அதற்கப்புறம் நமக்காக உலை வைக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாக வெளியே போகலாம் என்றால், "நீங்க போய்ட்டு வாங்க, எனக்கு வந்து ஒரு ரசம் வச்சுக் கொடுத்தாப் போதும்" என்கிறோம். அந்த ஒரு ரசத்துக்கும் அவள்தானே அடுப்படியில் நிற்க வேண்டும்? இது சரியில்லை என்பது என் கருத்து.

போன வருடம் பாரிஸுக்குப் பக்கத்தில் மகள் வீட்டில் இரண்டு மாதம் இருந்தேன். அவள் தெருமுனையில் சின்னதாக ஒரு மெக்சிகோ சாப்பாட்டுக் கடை. வாரம் ஒரு ராத்திரி அங்கே போவது, போகும்போதெல்லாம் புதிதாக ஒன்று வாங்குவது என்று பேரனோடு ஓர் ஏற்பாடு.

முதல் வாரம் மக்காச்சோள ரொட்டியில் பீன்ஸ் மசியல். அடுத்த வாரம் பொரித்த மீன் வைத்து மடித்த டாக்கோ. எலுமிச்சம்பழம் பிழிந்து, கொத்தமல்லி தூவிக் கொடுத்தார்கள். கடலோரத்து ஆளுக்கு இதில் என்ன புதுசு? மூன்றாவது வாரம் தமாலே. மக்காச்சோள மாவுக்குள் பூரணம் வைத்து, கதிரின் தோகையில் சுற்றி ஆவியில் அவிப்பது. நம் வீடுகளில் பூவரச இலையில் அவிக்கும் கொழுக்கட்டைக்குத் தூரத்துச் சொந்தம். தெற்கு மெக்சிகோவில் வாழையிலையிலும் சுற்றுவார்கள். நாலாவது, மோலே. காய்ந்த மிளகாய், எள், கொக்கோ எல்லாம் அரைத்துச் செய்த கறுப்புக் குழம்பு. அது எனக்குப் பிடிக்கவில்லை. பேரன் தட்டுக்குத் தள்ளிவிட்டேன். அவ்வளவுதான், உயிரா போய்விட்டது?

"என்ன இருந்தாலும் நம்ம சாப்பாடு போல வருமா சார்?" என்பீர்கள். வகுப்பில் படித்ததை நினைத்துப் பாருங்கள். 1492இல் கொலம்பஸ், 1498இல் வாஸ்கோடகாமா. அதற்குப் பின் 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வழியாகத்தான் மிளகாய் இங்கே வந்தது. அதற்கு முன் காரத்துக்கு மிளகும் இஞ்சியும் திப்பிலியும்தான். மிளகாய், மக்காச்சோளம் இரண்டும் மெக்சிகோ மண்ணில் முதலில் பயிரானவை. சப்போட்டாவும் அந்தப் பக்கத்துப் பழம்தான். அதன் பெயரே அங்குள்ள நவாட்டில் மொழியிலிருந்து வந்தது. பொங்கலுக்குத் தவறாமல் கூட்டு வைக்கிறோமே பரங்கிக்காய், அதுவும் அமெரிக்கக் கண்டத்துக் காய். பரங்கியர் என்றால் ஐரோப்பியர் என்பது உங்களுக்குத் தெரியும். இன்றும் சில வீடுகளில் திவசச் சமையலில் மிளகாயும் தக்காளியும் சேர்ப்பதில்லை. இவை வந்த பொருள்கள் என்பதை அந்த அடுப்படி இன்னும் ஞாபகம் வைத்திருக்கிறது.

வெளியிலிருந்து வந்ததெல்லாம் நல்லது என்று நான் சொல்லவில்லை. சீமைக்கருவேலமும் அந்தக் கண்டத்திலிருந்து வந்ததுதான். ஆனால் சாப்பாட்டு விஷயத்தில் அந்த ஊர்க்காரர் எப்படிச் சமைக்கிறார் என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. மெக்சிகோவில் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு கலந்த நீரில் வேகவைத்து அரைப்பார்கள். ஐரோப்பியர் சோளத்தைக் கொண்டுபோனார்கள், சுண்ணாம்பை விட்டுவிட்டார்கள். சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளுக்கு நயாசின் சத்துக் குறைந்து பெல்லாக்ரா என்ற நோய் வந்தது. பிரெஞ்சு விருந்து முறையையும் மெக்சிகோவின் பாரம்பரியச் சமையலையும் யுனெஸ்கோ தன் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது ஒரே ஆண்டில், 2010இல். அப்படிப்பட்ட சமையலைத்தான் ருசி பார்க்காமலேயே ஒத்துக்காது என்கிறோம்.

சைவம் காப்பவர்கள் கேட்டு வாங்குங்கள். பீன்ஸ் மசியலிலும் தமாலே மாவிலும் பன்றிக் கொழுப்பு சேர்ப்பதுண்டு. சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் சீஸையும் உப்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் தடவை ஒரே ஒரு புதுப் பண்டம் வாங்கி எல்லோருமாகப் பகிர்ந்து சாப்பிடுங்கள். பிடிக்கவில்லை என்றால் தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் சாப்பிட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

வாரத்தில் மீதி ஆறு நாளும் மகள் வீட்டில் எனக்குச் சோறும் குழம்பும்தான். அந்த ஒரு ராத்திரி மட்டும் அவள் அடுப்படிப் பக்கமே போகவில்லை. கடையில் எங்களோடு உட்கார்ந்து, அவசரமில்லாமல், சூடாகச் சாப்பிட்டாள். இந்தக் கோடையில் பிள்ளைகள் ஊருக்குக் கிளம்புகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். போய் என்ன சாப்பிட்டீர்கள் என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் சமூக அறிவியல் ஆசிரியர் (ஓய்வு),
குரும்பகரம்