குடியானவரும் தினக்குறிப்பும்

பயிர்த்தொழில் செய்வோர் தம் வயலில் நிகழ்வதை நாள்தோறும் சிறிதேனும் எழுதிவைக்க வேண்டுமென்பது நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வரும் புத்திமதி. அதை மறுத்துப் பேசுவோர் எவருமிலர். கைக்கொள்வோரும் மிகச் சிலரே. ஆடி மாதத்தில் ஒரு தடித்த நோட்டுப்புத்தகம் வாங்கப்படுகிறது. முதற் பக்கத்தில் பிள்ளையார் சுழி. அதன்கீழ் நிலத்தின் வரலாறு, பாட்டனார் கிணறு வெட்டிய கதை, இவ்வருஷம் செய்யப்போகும் சீர்திருத்தங்கள் என நான்கு பக்கங்கள் நிரம்புகின்றன. பத்தாம் நாள் மூன்று வரி. இருபதாம் நாள் ஒன்றுமில்லை. நடவு நெருங்கி, எழுதத்தக்க விஷயங்கள் உண்மையில் பெருகிவரும் சமயத்தில் அந்நோட்டு வீட்டுப் பிள்ளைகளின் கணக்குப் பாடத்திற்குப் பயன்பட்டுக்கொண்டிருக்கும்.

இதற்குக் குடியானவரின் சோம்பலைக் காரணமாகக் கூறுவது நியாயமன்று. விடியுமுன் மடை திருப்பச் செல்பவரைச் சோம்பேறி என்று யார் சொல்லக்கூடும்? குறை தொடங்கும் முறையிலேயே இருக்கிறது. முதல் நாளிலேயே பெரிதாகத் தொடங்குவதால் இரண்டாம் மாதத்தில் அது சுமையாகிவிடுகிறது. இருபது கட்டங்கள் கோடிட்டு அச்சிட்ட பதிவேடுகளும் இத்தீமையைக் குறைப்பதற்குப் பதிலாக வளர்க்கின்றன. கட்டம் காலியாயிருக்கக் கண்டவர் வெட்கப்பட்டு, நடந்ததை விட்டுக் கட்டத்திற்கு ஏற்றதை எழுதுகிறார். அல்லது எழுதுவதையே நிறுத்திவிடுகிறார். புதிதாகத் தொடங்குவோர்க்குக் கோடில்லாத சிறு நோட்டும் ஒரு பென்சிலுமே போதும்.

“எல்லாம் ஞாபகத்தில் இருக்கிறது, எழுதுவானேன்?” என்று கேட்போர் உண்டு. ஞாபகம் நல்ல வேலையாள்தான். ஆனால் களத்துமேட்டில் குவிந்த நெல்லைத்தான் அது மறவாது. அந்நெல்லுக்காகச் செலவழிந்த ஆட்களை மறந்துவிடும். மேலவயல், கீழவயல் என இரண்டு நிலங்கள் சமபரப்பில் உடைய ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். கீழவயலில் 36 மூட்டையும் மேலவயலில் 31 மூட்டையும் கண்டன. ஆகவே கீழவயலே நல்ல வயல் என்பது அவ்வீட்டார் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. ஆனால் கீழவயலில் களை எடுக்க இரண்டாம் முறை ஆள் விட்டதும், மார்கழி மழையில் நின்ற நீரை வடிக்க இரண்டு நாள் மண்வெட்டியுடன் நின்றதும், சாய்ந்த பயிரை அறுக்க மணிக்கணக்கில் வாடகை வாங்கும் அறுவடை இயந்திரம் கூடுதலாக ஓடியதும் எவர் நினைவிலும் இல்லை. எழுதி வைத்திருந்தால், அந்த 5 மூட்டை எங்கே போயிற்று என்பது தை மாதத்திலேயே விளங்கியிருக்கும். எழுதாததால், அடுத்த வருஷமும் வட்டிக்கு வாங்கிய பணம் முதலில் கீழவயலுக்கே போகிறது. கடன் பெருகுவதற்கு மழையும் விலையும் மாத்திரமே காரணமல்ல. எந்த நிலம் தம்மைத் தாங்குகிறது, எது தம்மைத் தின்கிறது என்பதை உடையவரே அறியாதிருப்பதும் ஒரு காரணம்.

ஆகையால் தொடங்குவோர் நிலம் முழுவதையும் எழுத முயலவேண்டுவதில்லை. ஒரே ஒரு வயலைத் தெரிந்துகொள்ளட்டும். இரவு உணவு கொள்ளுமுன் ஒரு வரி எழுதட்டும். தேதி, என்ன செய்யப்பட்டது, எத்தனை ஆள், கண்ணில் பட்டது என்ன: இவ்வளவே. “கார்த்திகை 9. மேலவயல். தூர்களின் அடியில் புகையான். தண்ணீர் வடித்தாயிற்று. ஆள் 1.” இவ்வரியை எழுத இரண்டு நிமிஷம் ஆகாது. ஒன்றும் நிகழாத நாளில் தேதியை மாத்திரம் இட்டு விட்டுவிடலாம். இரண்டு நாள் தவறினால் மூன்றாம் நாள் மீண்டும் தொடங்கவேண்டுமேயன்றி, தவறிய நாட்களைக் கற்பனையால் நிரப்பலாகாது. இப்பத்திரிகையில் வரும் யோசனைகளை அந்நோட்டில் பெயர்த்தெழுதுவதும் வீண்வேலை. பத்திரிகை எப்போதும் கிடைக்கும், அந்த வயலில் அன்று கண்டது மறுபடி கிடைக்காது.

அளவுகளை எழுதும்போது மாத்திரம் கண்டிப்பு வேண்டும். “யூரியா 2 மூட்டை” என்று எழுதினால் பிற்காலத்தில் மயக்கம் உண்டாகும். 2018-க்கு முன் ஒரு மூட்டை 50 கிலோ. அவ்வருஷம் முதல் 45 கிலோ. மூட்டைக் கணக்கில் எழுதியவர், தாம் முன்னைப்போலவே உரமிட்டதாக எண்ணிக்கொண்டு பத்தில் ஒரு பங்கு குறைத்து இட்டிருப்பார். நெல்லிலும் இதே தொல்லை. அரசாங்க நேரடிக் கொள்முதல் நிலையத்தின் மூட்டை 40 கிலோ; வியாபாரியின் மூட்டை பல ஊர்களில் 60 கிலோவுக்கு மேல். நிலப்பரப்பும் அவ்வாறே. தஞ்சைப் பக்கத்தில் ஒரு மா என்பது 100 குழி, ஏறக்குறைய 33 சென்ட். ஆனால் குழியின் அளவு எல்லாச் சீமைகளிலும் ஒன்றல்ல. ஆதலால் கிலோவும் சென்ட்டும் எழுதுவதே நலம். மழையையும் “நல்ல மழை” என்று எழுதுவதில் பயனில்லை. அடியும் வாயும் ஒரே அகலமுள்ள தகரக் குவளையை மரநிழலற்ற வெட்டவெளியில் வைத்து, காலையில் அளவுகோலால் அளந்தால் போதும். ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு ஏக்கரில் ஏறக்குறைய 4,000 லிட்டர் நீர் என்று அறிந்தவருக்கு, அன்று இறைப்பு எந்திரத்தை ஓட்டவேண்டுமா வேண்டாமா என்பதைப் பிறர் சொல்லவேண்டுவதில்லை.

எழுதத் தொடங்கியவர்களிற் பலர் இடறி விழும் இடம் மற்றொன்று உண்டு. விளைச்சல் நன்றாயிருக்கும்வரை எழுதுவார்கள். பயிர் கெட்டவுடன் நோட்டை மூடிவிடுவார்கள். தோல்வியை எழுதக் கை கூசுகிறது. இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் என்னுமிடத்தில் 1843-ஆம் வருஷம் தொடங்கிய கோதுமைப் பரிசோதனை இன்றளவும் நடந்துவருகிறது. அங்கே ஒரு பகுதிக்கு அன்றுமுதல் எவ்வித உரமும் இடுவதில்லை. அதன் அற்ப விளைச்சலையும் ஆண்டு தவறாமல் நிறுத்து எழுதுகிறார்கள். அந்த மெலிந்த பகுதி இல்லையேல், மற்றப் பகுதிகளில் உரம் தந்த பலன் இவ்வளவு என்று சொல்ல வழியேது? கோயம்புத்தூரிலும் 1909-ஆம் வருஷம் தொடங்கி இத்தகைய நிரந்தர உரப் பரிசோதனை நடந்துவருகிறது. குடியானவரின் கெட்டுப்போன வயலும் அவருக்கு அவ்விதமே உதவும், எழுதி வைத்திருப்பாராகில்.

இலக்கணம் அறியோமே என்று அஞ்சுவோரும் உளர். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரிடம் துபாஷியாயிருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரையில் எழுதிய தினக்குறிப்பு, பேசும் தமிழிலேயே எழுதப்பட்டது. அக்காலத்துச் சரித்திரத்தை ஆராய்வோர் இன்றும் அதனைத் தேடிப் படிப்பதற்கு நடையழகு காரணமன்று. அன்றன்று கண்டதையும் கேட்டதையும் அன்றன்றே எழுதியதே காரணம். வியக்கத்தக்கவாறு அதே 1736-இல் இங்கிலாந்தில் நார்ஃபோக் சீமையில் ராபர்ட் மார்ஷம் என்ற நிலக்கிழார், முதற் பூ மலர்ந்த நாள், ஓக் மரம் தளிர்விட்ட நாள், தவளை கத்திய நாள், தகைவிலான் பறவை வந்த நாள் ஆகியவற்றைக் குறிக்கத் தொடங்கினார். நடுவில் சில வருஷங்கள் விடுபட்டபோதிலும், அவர் சந்ததியார் 1958 வரையில் அதைத் தொடர்ந்தனர். பருவங்கள் மாறிவருவதை ஆராயும் விஞ்ஞானிகளுக்கு இப்போது அது பெருநிதி. நம் ஊர்களில் புளி பூக்கும் நாளையும், ஏரி நிறைந்து கலங்கல் வழிந்த நாளையும் எத்தனை பேர் எழுதிவைத்திருக்கிறார்கள்? வீட்டில் எழுதத் தெரிந்தவர் பள்ளி செல்லும் பெண்ணாயிருந்தால், தந்தையும் தாயும் சொல்லச் சொல்ல அவளே எழுதட்டும். நாற்றின் வயதையும் களையின் வகையையும் தகப்பனாரைவிடத் தாயார் திருத்தமாகச் சொல்வதை அந்நோட்டே சில மாதங்களில் காட்டிவிடும்.

எழுதியதைப் பிறர் காணக் கொடுக்கலாமா என்பது தீர யோசிக்கத்தக்கது. விளைச்சலை வெளியில் சொல்லக் குடியானவர்கள் தயங்குவதற்குக் கண்ணேறு மாத்திரம் காரணமல்ல. கடன் கொடுத்தவரும் குத்தகைக்கு விட்டவரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்ற அச்சமும் உண்டு. அவ்வச்சம் பொருளற்றதென்று தள்ளிவிட முடியாது. பணக்கணக்கை வேறு நோட்டில் வைத்துக்கொண்டு, பயிர்க்குறிப்பை மாத்திரம் அண்டை வயற்காரர்களுக்கு வாசித்துக் காட்டுவதே தக்க வழி. மாதம் ஒருமுறை நாலு பேர் கூடுமிடத்தில் வாசிக்கப்படுமென்று தெரிந்தால், எழுதுவோர்க்கும் விடாமல் எழுதும் ஊக்கம் பிறக்கும். “அன்றைக்குக் கொண்டல் காற்று, நீர் வாடை என்று எழுதியிருக்கிறீர்” என்று ஒருவர் திருத்துவார். “அந்த மருந்தை எங்கள் வயலில் தெளித்தும் இலைச்சுருட்டுப்புழு போகவில்லை” என்பார் மற்றொருவர். முன் எழுதியதை அடிக்காமல், திருத்தத்தை அதன்கீழ், சொன்னவர் பெயருடன் எழுதிக்கொள்ளவேண்டும். கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் மருந்தை வாய் பேசாமல் வாங்கி வரும் நிலைமை மாறவேண்டுமாயின், இவ்வாறு நாலைந்து நோட்டுகள் ஓர் ஊரில் சேர்ந்திருப்பது மிகவும் பயன்படும்.

நோட்டின் கடைசிப் பக்கங்களில் விதைப் பையின் சான்றட்டையையும் கடை ரசீதையும் ஒட்டிவைப்பது அவசியம். சான்று விதையின் நீல அட்டையைப் பை பிரித்தவுடன் எறிந்துவிடுவது பலருக்கு வழக்கம். விதை முளைக்காதபோது எந்தக் குவியலைச் சேர்ந்தது, எப்போது பரிசோதிக்கப்பட்டது என்று சொல்ல அதுவே சாட்சி. விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோரே. நஷ்டத்திற்கு நுகர்வோர் மன்றத்தை நாடலாம் என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. ஆனால் எந்த மன்றமும் தேதியையும் ரசீதையும் கேட்கும். விதைத்த நாள், முளை எண்ணிய நாள், ஒரு சதுர மீட்டரில் கண்ட நாற்று எத்தனை என்பவை அன்றே எழுதப்பட்டிருந்தால், வழக்குப் பேசுவோர்க்கு வாதம் எளிது. அங்ககச் சான்று பெற விரும்புவோரும் இவ்வகைப் பதிவுகளைக் காட்டியே ஆகவேண்டும்.

இக்காலத்தில் கைப்பேசியிலேயே குறிக்கலாமே என்பர் இளைஞர். நோயுற்ற இலையைப் படம் பிடித்து வைப்பதற்கு அதைப்போன்ற கருவி வேறில்லை. ஆயினும் அது வாய்க்காலில் விழுந்தாலும், பழையதை மாற்றிப் புதியது வாங்கினாலும், நாலு வருஷத்துக் குறிப்பு அதனுடன் போய்விடக்கூடும். படம் கைப்பேசியில் இருக்கட்டும்; எழுத்து நோட்டில் இருக்கட்டும். மையைவிடப் பென்சில் மேலானது, மழைத்துளி பட்டால் கரையாது. நோட்டை அலமாரியில் பூட்டாமல், மண்வெட்டி சாத்துமிடத்திற்கு மேலே ஓர் ஆணியில் கயிறு கட்டித் தொங்கவிட்டால், மாலையில் கை கழுவி வருபவரின் கண்ணில் அது படாமற் போகாது.