சூரிச்சின் சிவப்பு அட்டை யாருக்கு?

உதைபந்தாட்டம் அரசியலுக்கு அப்பாற்பட்டதாம்! இவ்வாறு உபதேசிப்பவர்கள் சூரிச் மாநகரில் மாளிகை அமைத்து வீற்றிருக்கும் பீபா என்னும் சர்வதேச உதைபந்தாட்டச் சம்மேளனத்தார். அவர்கள் சொன்னால் அது வேதவாக்கு. மறுத்துரைப்போர்க்குச் சிவப்பு அட்டை!

அந்த அட்டை இந்நாட்டை நோக்கியும் ஒருமுறை உயர்ந்தது. 2023 ஆம் ஆண்டு ஜனவரி 21 ஆம் திகதி இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தைப் பீபா இடைநிறுத்தியது. சம்மேளனத்தின் விவகாரங்களில் மூன்றாந் தரப்பினர் தலையிட்டனர் என்பதே குற்றச்சாட்டு. அரசாங்கமோ மந்திரியோ வேறெவருமோ ஒரு நாட்டின் உதைபந்தாட்டச் சங்கத்தில் கை வைத்தல் ஆகாது என்பது பீபாவின் அமைப்பு விதி. அவ்விதியின் பெயரால் ஏழு மாதங்கள் இந்நாட்டு அணி எந்தச் சர்வதேசப் போட்டியிலும் பங்குபற்ற முடியவில்லை. அவ்வாண்டு பெங்களூரில் நடந்த தெற்காசியக் கிண்ணப் போட்டிக்கு இலங்கை செல்லவில்லை. தெற்காசியாவைச் சேராத குவைத்தும் லெபனானும் விருந்தாளிகளாக அழைக்கப்பட்டு ஆடின. ஓகஸ்ட் மாத இறுதியிலேயே தடை நீங்கியது.

இதில் தண்டனை பெற்றவர் யார்? மந்திரி தமது ஆசனத்திலேயே இருந்தார். நிர்வாகக் கனவான்கள் தத்தம் அணிகளைத் திரட்டிக்கொண்டு அடுத்த தேர்தலுக்கு ஆயத்தமாயினர். ஏழு மாத காலத்தை இழந்தவன் விளையாட்டு வீரன். வாழ்நாளில் பத்தாண்டே ஆடக்கூடிய ஒருவனுக்கு ஏழு மாதம் என்பது என்ன விலையென்று சூரிச்சில் யாரேனும் கணக்குப் பார்த்தனரா?

நாம் மந்திரிமாருக்காக வாதாட வரவில்லை. 1973 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்க விளையாட்டுச் சட்டத்தை ஒருமுறை படித்தவர் எவரும் அவ்வாறு வாதாடத் துணியார். தேசிய அணியொன்று கடல் கடந்து செல்வதற்கும் மந்திரியின் அங்கீகாரம் வேண்டும் என்ற நிலையை உண்டாக்கிய சட்டம் அது. பந்தைத் தொட்டறியாதவரும் பந்தயத்தின் தலைவிதியை எழுதலாம் என்றாயிற்று. ஆகவே, அரசின் கை விளையாட்டில் நுழையலாகாது என்னும் விதியை நாம் மனமார ஏற்கிறோம். எமது வழக்கு விதியின் மீதன்று. விதியை நடத்தும் விதத்தின் மீது.

2021 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் இங்கிலாந்தின் நியூகாசில் யுனைற்றட் கழகத்தைச் சவூதி அரேபியாவின் பொது முதலீட்டு நிதியம் வாங்கிற்று. அந்நிதியத்தின் தலைவர் யார்? அந்நாட்டின் முடிக்குரிய இளவரசர்! ஆயினும் கழகத்தைச் சவூதி அரசு கட்டுப்படுத்தாது எனச் சட்டப்படி பிணிக்கும் உறுதிமொழி தமக்குக் கிடைத்துவிட்டதாக ஆங்கில பிரிமியர் லீக்கினர் அறிவித்தனர். வலது கை வாங்கியதை இடது கை அறியாதாம்! சட்டத்தொழிலில் நாமும் பல சத்தியக் கடதாசிகளைக் கண்டிருக்கிறோம். இவ்வளவு களங்கமற்ற ஒன்றைக் கண்டதில்லை.

அதே சவூதி அரேபியாவுக்கு 2034 ஆம் ஆண்டின் உலகக் கிண்ணம் வழங்கப்பட்டது. 2024 டிசம்பர் 11 ஆம் திகதி கூடிய பீபா மகாநாட்டில் வேறு போட்டியாளர் இல்லை, பிரதிநிதிகள் கைதட்டினர், முடிந்தது காரியம். எமது கிராமத்துச் சனசமூக நிலையத்தின் பொருளாளர் தெரிவுக்கும் இதைவிட அதிக விவாதம் நடப்பதுண்டு.

2025 டிசம்பர் 5 ஆம் திகதி நடந்தது இன்னும் வேடிக்கை. வாஷிங்டனில் உலகக் கிண்ணக் குலுக்கல் வைபவ மேடையிலே, பீபாவின் சமாதானப் பரிசு என்று புதிதாக ஒன்றைப் படைத்து, அதை அமெரிக்க ஜனாதிபதி டொனால்ட் ட்ரம்பின் கையில் பீபாவின் தலைவர் இன்பான்ரினோ ஒப்படைத்தார். இதற்குப் பெயர் அரசியலுக்கு அப்பால் நிற்றல்! கொழும்பில் ஒரு மந்திரி கை வைத்தால் அது தலையீடு. வாஷிங்டனில் ஒரு ஜனாதிபதிக்கு மாலை சூட்டினால் அது சமாதானம். ஏழைக்கு ஒரு நியாயம், எஜமானுக்கு ஒரு நியாயம்!

சட்டத்தின் கண்ணில் இந்தப் பீபா என்ன? சுவிஸ் குடியியற் சட்டக்கோவையின்படி அமைந்த, இலாபம் கருதாத ஒரு சங்கம். பாடகர் குழுவும் மலையேறுவோர் கழகமும் அந்நாட்டில் எந்த வடிவில் அமைகின்றனவோ, அதே வடிவம். ஆனால் 2019 முதல் 2022 வரையிலான நான்காண்டுகளில் இந்த ‘இலாபம் கருதாத’ சங்கத்தின் வருமானம் 750 கோடி அமெரிக்க டொலருக்கு மேல். 2015 மே 27 ஆம் திகதி விடியற்காலை சூரிச்சின் ஆடம்பர விடுதியொன்றில் சுவிஸ் பொலிசார் புகுந்து, ஊழல் குற்றச்சாட்டின் பேரில் பீபாவோடு தொடர்புடைய எழுவரைக் கைது செய்தனர். அவர்களின் முகம் படம்பிடிப்போர் கண்ணிற் படாதவாறு விடுதி ஊழியர் படுக்கை விரிப்புகளைத் திரையாகப் பிடித்த காட்சியை உலகம் கண்டது. இரண்டு தினங்களின் பின் அதே நகரில் பிளாற்றர் மீண்டும் தலைவராகத் தெரிவானார். நீதிக்காக ஒன்றைச் சொல்லவேண்டும்: பிளாற்றர் மீது பின்னர் சுவிஸ் நீதிமன்றத்தில் தொடரப்பட்ட மோசடி வழக்கில் அவர் 2022 இலும், மேன்முறையீட்டில் 2025 இலும் விடுதலை பெற்றார். ஒரு மனிதரைப் பற்றியதன்று எமது பேச்சு. திரை விரிப்பு எப்பொழுதும் ஆயத்தமாயிருக்கும் அந்த ஏற்பாட்டைப் பற்றியது.

அந்தத் திரைக்குப் பின்னால் எம்மவரும் இருக்கின்றனர். கற்றார் என்னும் சொல் வன்னி வீடுகளுக்கு அந்நியமானதன்று. நகையை அடகு வைத்து, முகவருக்குப் பணம் கட்டி, அப்பாலைவன வெயிலிற் கல் சுமக்கச் சென்றோர் எம் ஊர்களிலும் உளர். 2022 உலகக் கிண்ணத்துக்கான வேலைகளில் எத்தனை பேர் இறந்தனர் என்ற வினாவுக்கு, 400 க்கும் 500 க்கும் இடையில் என்று ஏற்பாட்டுக் குழுவின் செயலாளர் நாயகமே அவ்வாண்டு நவம்பரில் தொலைக்காட்சியிற் கூறினார். அது நாடு முழுவதற்குமான கணக்கு என்று பின்னர் குழுவினர் விளக்கம் சொல்லினர். நூறு உயிர் கூடினால் என்ன, குறைந்தால் என்ன என்னும் பாவனையிலே ஒரு கணக்கு! இறந்தோர் குடும்பங்களுக்கு நட்டஈடு கேட்டு உலகெங்கும் குரல் எழுந்தது. 2024 நவம்பரில் பீபா 5 கோடி டொலர் நிதியொன்றை அறிவித்தது. அப்பணம் சர்வதேச ஸ்தாபனங்களின் திட்டங்களுக்குப் போயிற்று. விதவையின் கைக்கென்று அதில் ஒரு சதமும் ஒதுக்கப்படவில்லை.

இனி வன்னிக்கு வருவோம்.

அறுவடை முடிந்த வயலிலும் குளக்கட்டின் அடியிலுள்ள தரவையிலும் காட்டுத்தடி நாட்டிக் கோல் கம்பமாக்கி ஆடும் பிள்ளைகளை ஒட்டுசுட்டானிலும் காணலாம், செட்டிகுளத்திலும் காணலாம், தருமபுரத்திலும் காணலாம். ஒரு சோடிச் சப்பாத்தை அண்ணன் முதற்பாதியிலும் தம்பி இரண்டாம் பாதியிலும் அணிவான். கண்ணிவெடி அகற்றிய பின்பே கால் வைக்க முடிந்த மண் இது. இங்கே ஒரு ஞாபகார்த்தச் சுற்றுப்போட்டி நடந்தால், கிண்ணம் புலம்பெயர்ந்த உறவினரின் உபயம். பந்து கழகத்தின் கடன். பிரதம விருந்தினரின் உரை மட்டும் இலவசம், அதுவும் ஆட்டத்தின் ஒரு பாதியிலும் நீண்டது!

ஆனால் இப்பிள்ளைகளின் பெயரால் ஒரு வாக்கு உண்டு. தேசிய சம்மேளனத்தின் தலைவரைத் தெரிவு செய்வோர் தீவெங்கணுமுள்ள லீக்குகளின் பிரதிநிதிகள். எமது மாவட்ட லீக்குகளும் அவற்றுள் அடக்கம். சூரிச்சில் 211 சங்கங்களுக்குச் சங்கத்துக்கொரு வாக்கு. கொழும்பிலே லீக்குகளுக்கு வாக்கு. 2023 முதல் 2026 வரையிலான நான்காண்டுகளுக்கு ஒவ்வொரு சங்கத்துக்கும் 80 இலட்சம் டொலர் வரை அபிவிருத்தி உதவி என்று பீபா வகுத்தது. மேலிருந்து பணம் இறங்குகிறது, கீழிருந்து வாக்கு ஏறுகிறது. இடையிலே தரவையிற் புல் முளைத்ததா என்பதுதான் எமது வினா.

எனவே கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டக் கழகங்களுக்கு நாம் கூறுவது இது. உங்கள் லீக் பிரதிநிதி வாக்களிக்கப் புறப்படுமுன் பொதுக்கூட்டம் கூட்டுங்கள். யாருக்கு, எதற்காக வாக்கு என்பதைத் தீர்மானமாக எழுதிக் கையில் கொடுங்கள். திரும்பி வந்தபின் கணக்குக் கேளுங்கள்: எத்தனை பந்து, எத்தனை பயிற்றுநர், பெண் பிள்ளைகளுக்கு எத்தனை அணி, எந்த மைதானத்துக்கு எவ்வளவு பணம்? விடை எழுத்தில் வரட்டும். வராவிடில் அடுத்த முறை வாக்கும் வராது என்று சொல்லுங்கள். இதைக் கேட்பது அரசியல் என்பார்கள். ஆம், அரசியல்தான்! அரசியலை இளவரசர்க்கும் ஜனாதிபதிகளுக்கும் விட்டுவிட்டுப் பந்தை மட்டும் எமக்குத் தருவோம் என்கிறார்களே, அந்தப் பந்தும் இன்னும் வந்து சேரவில்லை.

சிவப்பு அட்டை நடுவரின் சட்டைப் பையில் மட்டும் இருப்பதன்று. வாக்குச் சீட்டு என்னும் பெயரில் அது வன்னியின் கையிலும் இருக்கிறது. உயர்த்தத்தான் ஆள் வேண்டும்!