‘நிறுத்து’ என்று சொல்ல ஓர் ஆள்

போன மாதம் பேரனைத் துப்பாக்கி சுடும் பயிற்சியில் சேர்க்கக் கூட்டிக்கொண்டு போனேன். நம் விருத்தாசலத்தில்தான். எந்தத் தெரு, என்ன பெயர் என்பதெல்லாம் வேண்டாம். ஒரு கட்டடத்து மாடியில் நீளமான கூடம். அந்தக் கோடியில் அட்டை இலக்குகள், இந்தக் கோடியில் மேசைகள், நாலைந்து ஏர் ரைஃபிள். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் ஒலிம்பிக் வரை போனதிலிருந்து நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இதில் ஓர் ஆசை. அந்தப் பெண் வளர்ந்ததும் பயிற்சி பெற்றதும் குஜராத்தில் என்று சொன்னால் யார் கேட்கிறார்கள்?

நாங்கள் நின்றுகொண்டிருந்தபோது ஒரு பையன், பத்து வயது இருக்கும், பின்னால் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் ஏதோ சொல்லத் திரும்பினான். கையிலிருந்த ரைஃபிளும் அவனோடு திரும்பியது. குழல் என் வயிற்றைக் கடந்து, என் பேரன் முகத்தைக் கடந்து, அந்த அம்மாவின் நெற்றியில் போய் நின்றது. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. பயிற்சியாளர் ரசீது எழுதிக்கொண்டிருந்தார்.

“தம்பி, இங்கே ரேஞ்ச் ஆபீசர் யாரு?” என்றேன்.

“நான்தான் சார்.”

“கோச்?”

“அதுவும் நான்தான் சார்.”

“பீஸ் வாங்குறது?”

சிரித்தார். “எல்லாமே நான்தான் சார். சின்ன இடம்தானே. ஏர் கன்தான் சார், ஒண்ணும் ஆகாது.”

இந்த ‘ஒண்ணும் ஆகாது’ என்ற வார்த்தையை எதிர்த்துத்தான் இன்று எழுதுகிறேன். 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டு ஒரு கண்ணைப் போக்கப் போதும். குறிப்பிட்ட ஆற்றலுக்கு உட்பட்ட ஏர் ரைஃபிளுக்கு நம் சட்டத்தில் உரிமம் தேவையில்லை. உரிமம் தேவையில்லை என்பதை ஆபத்து இல்லை என்று படித்துக்கொண்டுவிட்டோம்.

துப்பாக்கி விளையாட்டுகளிலேயே பார்க்கப் பயமான ஒன்று இருக்கிறது. அதன் பெயர் ப்ராக்டிகல் ஷூட்டிங். ஒரே இடத்தில் நின்று மூச்சடக்கிச் சுடுவதல்ல இது. இடுப்பு உறையில் கைத்துப்பாக்கியோடு நின்று, மணி அடித்ததும் உருவி, ஓடி, குனிந்து, தடுப்புக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, நடுவில் குண்டுப் பெட்டியை மாற்றி, பல இலக்குகளைச் சுட வேண்டும். மதிப்பெண்ணும் நேரமும் சேர்த்துக் கணக்கு. 1976இல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்துக் கொலம்பியா நகரில் கூடி இதற்கென்று ஐ.பி.எஸ்.சி. என்ற உலகக் கூட்டமைப்பை அமைத்தார்கள்; ஜெஃப் கூப்பர் முதல் தலைவர். ஆசியாவில் பிலிப்பைன்ஸ், தாய்லாந்து இரண்டிலும் உலகப் போட்டியே நடந்திருக்கிறது. 9 மி.மீ. கைத்துப்பாக்கி நம் சட்டத்தில் தடைசெய்யப்பட்ட வகை என்பதால் இங்கே அதற்கு வழி குறுகல். நான் அந்த விளையாட்டுக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. குண்டு போட்ட துப்பாக்கியோடு மனிதர்களை ஓடவிடுகிறார்களே, எப்படிச் சமாளிக்கிறார்கள் என்றுதான் அதன் விதிப்புத்தகத்தை எடுத்துப் படித்தேன். குமாஸ்தா புத்தி, விதிப்புத்தகம் கிடைத்தால் விடமாட்டேன்.

அங்கே சுடுகிறவர் தனியாக ஓடுவதில்லை. கையில் நேரக் கருவியோடு ஒருவர் பின்னாலேயே போகிறார். அவர்தான் ரேஞ்ச் ஆபீசர். அவர் பார்ப்பது இலக்கை அல்ல. துப்பாக்கியையும் அதைப் பிடித்த கையையும். எதிரே மண்மேடு. அதற்கு நேரான கோட்டிலிருந்து இருபுறமும் 90 டிகிரி. குழல் முனை அதைத் தாண்டிப் பின்பக்கம் திரும்பினால் அன்றைய போட்டி அவருக்கு முடிந்தது. துப்பாக்கி கீழே விழுந்தால் முடிந்தது. நகரும்போது விரல் விசைக்காப்புக்குள் இருந்து, எச்சரித்தும் வெளியே வராவிட்டால் முடிந்தது. அந்த மாடியில் என் பேரன் முகத்துக்கு நேராகத் திரும்பியதே ஒரு குழல், அது அங்கே நடந்திருந்தால் ‘ஸ்டாப்’ என்ற ஒரு குரல் எழுந்திருக்கும். சுட்டுக்கொண்டிருந்தவர் உலக சாம்பியனாக இருந்தாலும் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்.

எனக்குப் பிடித்த இடம் இது. சுட்டு முடித்ததும் ‘அன்லோட் அண்ட் ஷோ கிளியர்’ என்று ஆணை. சுட்டவர் குண்டுகளை எடுத்துவிட்டு அறையைத் திறந்து காட்ட, ரேஞ்ச் ஆபீசர் தன் கண்ணால் உள்ளே பார்க்கிறார். பிறகும் நம்பவில்லை. மண்மேட்டை நோக்கி விசையை ஒருமுறை இழுக்கச் சொல்கிறார். தப்பித்தவறி ஒரு குண்டு மிச்சம் இருந்தால் அது மண்ணுக்குள் போகட்டும் என்று. அதன் பிறகே உறையில் போடச் சொல்லி, ‘ரேஞ்ச் இஸ் கிளியர்’ என்கிறார். அதைக் கேட்காமல் ஒருவரும் இலக்குப் பக்கம் கால் வைக்கக்கூடாது.

இந்த வேலைக்கு யாரும் பழக்கத்தால் வந்துவிட முடியாது. வகுப்புக்குப் போக வேண்டும், விதிகளில் தேர்வு எழுத வேண்டும், மூத்த அதிகாரியின் கண்ணெதிரே வேலை செய்து காட்ட வேண்டும். பிறகுதான் சான்றிதழ். அதற்கு மேலே தலைமை ரேஞ்ச் ஆபீசர், அதற்கும் மேலே ரேஞ்ச் மாஸ்டர். சான்றிதழ் பெற்றவருக்குக் கொடுக்கும் அதிகாரத்தைப் பாருங்கள். பாதுகாப்புக் குற்றத்துக்காக வெளியேற்றப்பட்டவர் மேல்முறையீடு செய்யலாம்; விதிவிலக்கான சூழ்நிலை இருந்ததா என்று மட்டும் குழு பார்க்கும். குற்றம் நடந்ததாக அதிகாரி சொன்னதை யாரும் மறுக்க முடியாது என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். முப்பத்தாறு வருடம் அரசாங்கத்தில் இருந்தவன் நான். கீழே உட்கார்ந்திருப்பவன் எழுதியதை மேலே உள்ளவர் மாற்றச் சொல்ல முடியாத ஒரு கோப்பை நான் பார்த்ததில்லை.

புதுச்சேரியில் பிரெஞ்சில் படித்தவன் என்பதால் வார்த்தைகளை உரசிப் பார்க்கும் வழக்கம் எனக்கு உண்டு. பிரெஞ்சில் ‘ரெஸ்போன்ஸாப்ள்’ என்றால் பொறுப்பில் இருப்பவர் என்றும் பொருள், பதில் சொல்ல வேண்டியவர் என்றும் பொருள். ஒரே சொல். நம் ஆபீசில் ‘பொறுப்பு’ என்று பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் போட்டால் என்ன பொருள் என்று ஊழியர்களைக் கேளுங்கள். அந்த நாற்காலிக்கு ஆள் இல்லை, பக்கத்து நாற்காலிக்காரர் கையெழுத்து மட்டும் போடுகிறார் என்று பொருள். ‘முழு கூடுதல் பொறுப்பு’ என்பது இன்னும் அழகு. முழுவதும் கூடுதல், பொறுப்பு மட்டும் இல்லை.

என் பெரியப்பா பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக இருந்து அல்ஜீரியா வரை போய் வந்தவர். மாலையில் திண்ணையில் உட்கார்ந்து சொல்லுவார். சுடுகளத்தில் ‘திரெக்தர் த தீர்’ என்று ஒருவர் இருப்பார், அவர் ‘ஆல்த் ஓ ஃபெ’ என்று கத்தினால் பக்கத்தில் கர்னலே படுத்துச் சுட்டுக்கொண்டிருந்தாலும் நிறுத்தித்தான் ஆக வேண்டுமாம். “கர்னல் கோவிச்சுக்க மாட்டாரா பெரியப்பா?” என்று கேட்டிருக்கிறேன். “கோவிச்சுக்குவாரு. நிறுத்திட்டுக் கோவிச்சுக்குவாரு” என்றார்.

இப்போது என் கதை. ஊரைக் குறை சொல்கிறவன் தன்னைச் சொல்லாமல் விட்டால் நன்றாக இருக்காது. தென்னாற்காடு பிரியாத காலத்தில் சில வருடம் ஆயுத உரிமப் பிரிவில் வேலை பார்த்தேன். காட்டுப்பன்றிக்குப் பயிர் காக்க வாங்கிய நாட்டுத் துப்பாக்கிகள்தான் அதிகம். பெரிய வீட்டு இரட்டைக்குழல் சில. புதுப்பிக்க வரும்போது துப்பாக்கியைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். ‘ஆயுதம் பார்வையிடப்பட்டது’ என்று ஒரு ரப்பர் முத்திரை. அதைக் குத்தியவன் நான். எத்தனை நூறு குத்தினேன் என்று கணக்கில்லை. ஒரு குழலுக்குள்ளும் எட்டிப் பார்த்ததில்லை. மருந்து கெட்டித்திருக்கிறதா, இறக்கத் தெரியுமா என்று ஒரு கிழவனையும் கேட்டதில்லை.

ஒரு தேர்தல் சமயம். உரிமத் துப்பாக்கிகளையெல்லாம் காவல் நிலையத்தில் ஒப்படைக்கும் வழக்கப்படி ஒரு பெரியவர் ஒரு நிலையத்தில் தன் துப்பாக்கியைக் கொடுத்தார். வாங்கியவர் சுவரில் சாய்த்து வைத்தார். அது சரிந்து விழுந்து வெடித்தது. மருந்தும் கேப்பும் அப்படியே இருந்திருக்கின்றன. கூரை ஓட்டில் ஓட்டை. மனிதருக்கு ஒன்றும் இல்லை. எல்லோரும் சிரித்தார்கள், டீ வந்தது. உரிமப் புத்தகத்தைப் பிரித்தால் மூன்று மாதத்துக்கு முன்பு நான் குத்திய முத்திரை. அதை யாரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். நாற்பது வருடம் ஆகிவிட்டது, இன்னும் அந்த ஓட்டை எனக்குத் தெரிகிறது.

2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளில் உரிமம் கேட்பவர் பாதுகாப்புப் பயிற்சி பெற வேண்டும் என்று சேர்த்தார்கள். 2019 திருத்தத்தில் கல்யாணத்திலும் ஊர்வலத்திலும் வானத்தைப் பார்த்துச் சுடுவதற்கு இரண்டு வருடம் வரை சிறை என்று வந்தது. நல்லதுதான். இரண்டும் துப்பாக்கி வைத்திருப்பவனைப் பற்றியவை. பக்கத்தில் நின்று தடுக்க வேண்டியவனைப் பற்றி நான் பேசுகிறேன்.

2021 அக்டோபரில் அமெரிக்காவில் ‘ரஸ்ட்’ என்ற படத்தின் படப்பிடிப்பில், நடிகர் அலெக் பால்ட்வின் கையிலிருந்த துப்பாக்கி வெடித்து ஒளிப்பதிவாளர் ஹலைனா ஹட்சின்ஸ் இறந்தார். போலிக் குண்டுகளோடு உண்மைக் குண்டு கலந்திருந்தது. ஆயுதங்களுக்குப் பொறுப்பான பெண்ணுக்கு 2024இல் 18 மாதச் சிறை. அவருக்கு அந்தப் படத்தில் இரண்டு வேலை: ஆயுதமும் பார்க்க வேண்டும், மற்றச் சாமான்களுக்கும் உதவியாளராக இருக்க வேண்டும். ஹாலிவுட்டிலும் கூடுதல் பொறுப்புத்தான்.

அதே வருடம் டிசம்பர் 30. புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே சுடுதளத்தில் மத்திய தொழில் பாதுகாப்புப் படையினர் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர் தள்ளி, தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுப் பையனின் தலையில் குண்டு பாய்ந்தது. 2022 ஜனவரி 3 அன்று தஞ்சாவூர் மருத்துவமனையில் இறந்துபோனான். அரசு 10 லட்சம் ரூபாய் கொடுத்தது, தளத்தை மூடினார்கள். யார் மீது தவறு என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. என் கேள்வி ஒன்றுதான். போட்டிக்கு முன்பு ரேஞ்ச் மாஸ்டர் செய்கிற முதல் வேலை, துப்பாக்கியைப் பார்ப்பதல்ல; மண்மேட்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்ப்பது. சரியில்லை என்றால் அந்தப் பகுதியையே மூடும் அதிகாரம் அவருக்கு உண்டு. நம் நாட்டுச் சுடுதளம் ஒவ்வொன்றிலும் ‘பின்னால் ஊர் இருக்கிறது, இன்று சுட வேண்டாம்’ என்று சொல்ல ஒருவர் நியமிக்கப்பட்டிருக்கிறாரா? அப்படிச் சொன்ன பிறகு அவர் அதே ஊரில் வேலையில் நீடிக்க முடியுமா?

இதைப் பேசினால் நண்பர்கள் இரண்டு விதமாக மடக்குகிறார்கள். விளையாட்டே இப்போதுதான் துளிர்க்கிறது, இத்தனை சட்டம் போட்டால் கருகிவிடும் என்பது ஒன்று. விருத்தாசலத்துக்காரர்கள் இப்படிச் சொல்லலாமா? நம் ஊரில் பீங்கான் சூளை வைத்தவர்களைக் கேளுங்கள். சூளைக்குள் ஒரு சின்னக் கூம்பை வைத்துத் துவாரம் வழியாகப் பார்ப்பார்கள். அது வளைந்தால் சூடு போதும். இன்னும் கொஞ்சம் எரிக்கலாமே என்று முதலாளி கூம்போடு வாதாட முடியாது. அதனால் தொழில் கருகவில்லை, சரக்குத்தான் தேறியது. இன்னொருவர், “சான்றிதழும் இன்னொரு ரப்பர் முத்திரையாகிவிடும், உமக்குத் தெரியாததா?” என்றார். இதற்கு எனக்குப் பதில் சொல்லக் கஷ்டமாக இருந்தது. ஆகலாம். நானே ஆக்கியவன். ஆனால் முத்திரை வீட்டில் குத்துவது. ரேஞ்ச் ஆபீசர் எல்லோர் முன்னாலும் நின்று கத்த வேண்டியவர். சும்மா இருந்தால் ஊருக்கே தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த வேலைக்கு நன்றாகச் சுடத் தெரிய வேண்டியதில்லை. தெளிவான கண், உரத்த குரல், விதியை வரி வரியாகப் படிக்கும் பொறுமை. ஓய்வூதியக்காரர்களுக்கென்றே செய்தது போல. ஒலிம்பிக் வகைப் போட்டிகளுக்கும் ஐ.எஸ்.எஸ்.எஃப். நடுவர் உரிமம் தருகிறது. 74 வயதில் வகுப்பில் உட்கார எனக்கு வெட்கமில்லை. கண் இடது பக்கம் மட்டும் கொஞ்சம் மங்கல்.

கடைவீதியில் புல்வெட்டும் இயந்திரத்துக்குப் போடும் ஆரஞ்சு நைலான் கயிறு ஒரு சுருள் வாங்கினேன். சுடாத நேரத்தில் குழலின் இருபுறமும் நீட்டிக்கொண்டிருக்கும்படி செருகி வைத்தால், உள்ளே குண்டில்லை என்று தூரத்திலிருந்தே தெரியும். போட்டிகளில் கட்டாயம். ரைஃபிளுக்கு ஒன்றாக வெட்டிக் கொண்டுபோய்ப் பயிற்சியாளரிடம் கொடுத்தேன். கூடவே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்: சனி, ஞாயிறு இரண்டு நாளும் சம்பளமில்லாமல் வந்து கோட்டுக்குப் பின்னால் நிற்கிறேன், நான் ‘நிறுத்து’ என்றால் நீங்கள் உட்பட எல்லோரும் நிறுத்த வேண்டும். நல்ல பிள்ளை. மரியாதையாக வாங்கி, முழுக்கப் படித்து, “பார்க்கலாம் சார்” என்றார்.

முப்பத்தாறு வருடம் மனுக் கொடுக்க வந்தவர்களிடம் நான் சொன்ன வார்த்தை அது. அதனால் வருகிற சனிக்கிழமை மறுபடியும் போகிறேன். பேரனை இன்னும் சேர்க்கவில்லை. இரண்டு வாரமாக அவன் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.