தலைப்பட்டை காட்டும் எண்ணும் காட்டாத அலையும்

மாணவர்களே, பள்ளிகளின் புத்தாக்கப் போட்டிகளில் ஒரு பொருளை அடிக்கடி பார்க்கிறேன். நெற்றியில் அணியும் தலைப்பட்டை. அதை மாட்டிய சில விநாடிகளில் கைப்பேசித் திரையில் எண்கள் தோன்றும்: கவனம் 78, அமைதி 41. அந்த எண்ணை வைத்துத் தூங்கி வழியும் ஓட்டுநரை எழுப்பும் மணி செய்கிறார்கள். நினைத்தால் நகரும் பொம்மைக் கார் செய்கிறார்கள். பார்க்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் “இந்த 78 எப்படி வந்தது?” என்று கேட்டால், “ஆப் சொல்லுது சார்” என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

ஓர் அறிவியல் ஆசிரியராக இங்கேதான் எனக்கு உறுத்துகிறது. மூளை அலைக் கருவி வாங்க ஒரு பள்ளியிடம் பணம் இருந்தால், எண்ணை மட்டும் காட்டும் கருவியை அது வாங்கக்கூடாது என்பது என் கருத்து. மூல அலையை அப்படியே வலையமைப்பு வழியாக இன்னொரு கணினிக்கு நேரலையில் அனுப்பும் கருவியைத்தான் வாங்க வேண்டும். அந்தக் கணினியில் உள்ள ஆய்வு மென்பொருளில், அலையை மாணவர்களே பார்த்து, அளந்து, வாதிட வேண்டும்.

முதலில் அலையைப் பற்றிக் கொஞ்சம். மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலில் பதிவு செய்தவர் ஜெர்மனியின் யேனா நகர மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர். 1924-இல் பதிவு செய்தார். தம் முடிவுகளை வெளியிட 1929 வரை காத்திருந்தார். தம் சொந்த மகன் கிளாவுஸையே பலமுறை உட்காரவைத்துப் பதிவு செய்தவர் அவர். அவர் அளந்தது மிகச் சிறிய மின்னழுத்தம். தலையின் மேல்தோலில் கிடைக்கும் இ.இ.ஜி. சமிக்ஞை ஏறத்தாழ 10 முதல் 100 மைக்ரோவோல்ட். உங்கள் கடிகாரத்தில் இருக்கும் 1.5 வோல்ட் மின்கலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 50 மைக்ரோவோல்ட் என்பது அதில் 30,000-இல் ஒரு பங்கு. மண்டை ஓட்டையும் தோலையும் தாண்டி வருவது அவ்வளவுதான்.

இவ்வளவு மெல்லிய சமிக்ஞையில் வேறு எதுவும் எளிதாகக் கலந்துவிடும். கண்ணைச் சிமிட்டினால் நெற்றி மின்முனையில் எழும் மேடு மூளை அலையைவிடப் பெரிது. பல்லைக் கடித்தால் திரை முழுதும் முள்காடு. சுவரில் ஓடும் மின்சாரம் நம் நாட்டில் 50 ஹெர்ட்ஸ். அதுவும் மெல்லிய ரீங்காரமாக வந்து ஒட்டிக்கொள்ளும். புருவத்தை நெரித்தால் நெற்றித் தசையின் மின்னோட்டம் 20 ஹெர்ட்ஸுக்கு மேல் பரவிக் கிடக்கும். பீட்டா அலைகள் எனப்படும் மூளை அலைகளும் அதே இடத்தில்தான் இருக்கின்றன. பீட்டா கூடினால் கவனம் கூடியது என்று கணக்கிடும் சூத்திரம் ஒன்று கருவிக்குள் இருந்தால், புருவத்தை நெரித்து உட்கார்ந்திருப்பவனுக்கு நல்ல மதிப்பெண் கிடைக்க வாய்ப்புண்டு. அவன் மனம் நேற்றைய காற்பந்தாட்டத்தில் இருந்தாலும் சரி. எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது. மூல அலையைப் பார்ப்பவருக்கு அந்த முள்காடு கண்முன் நிற்கும்.

மூல அலை நேரலையில் வரும்போது வகுப்பறையில் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது அது. பின்தலையில் மின்முனை வைத்துக்கொண்ட ஒருவர் கண்களை மூட வேண்டும். சில நொடிகளில், குழப்பமாக ஓடிக்கொண்டிருந்த கோடு சீராக ஏறி இறங்கத் தொடங்கும். விநாடிக்கு ஏறத்தாழ 10 முறை. அதுதான் ஆல்ஃபா அலை, 8 முதல் 13 ஹெர்ட்ஸ் வரை. கண்ணைத் திறந்தால் அடங்கிவிடும். பெர்கர் கண்டதும் இதைத்தான். மென்பொருளில் அதிர்வெண் வரைபடத்தைத் திறந்து வைத்தால், 10 ஹெர்ட்ஸ் அருகே ஒரு மேடு எழுந்து விழுவதைப் பார்க்கலாம். எல்லாருக்கும் ஒரே அளவில் வராது. சிலருக்கு மிக மெல்லியதாகவே வரும். அதுவும் ஒரு பாடம்தான். படிவம் நான்கில் அலைகளை நூலில் படிக்கிறீர்கள். இங்கே அதே வீச்சும் அதிர்வெண்ணும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தோழியின் தலையிலிருந்து வருகின்றன.

“அதே கணினியில் பார்த்தால் போதாதா? வலையமைப்பு எதற்கு?” என்று கேட்கலாம். நல்ல கேள்வி. ஓர் உண்மையான சோதனையில் ஒரு கணினி திரையில் படங்களைக் காட்டும். இன்னொன்று மூளை அலையைப் பதிவு செய்யும். மூன்றாவது அதை ஆராயும். ஒரே கணினியிடம் எல்லாவற்றையும் சுமத்தினால் படம் காட்டுவது தடுமாறும். எனவே வேலையைப் பிரித்து, வலையமைப்பால் இணைக்கிறார்கள். இங்கேதான் மாணவர்கள் எதிர்பாராத சிக்கல் வருகிறது.

பலரும் இணைய வேகம்தான் சிக்கல் என்று நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 8 மின்முனைகள், ஒவ்வொன்றிலும் விநாடிக்கு 250 மாதிரிகள், ஒரு மாதிரிக்கு 3 பைட். பெருக்கினால் விநாடிக்கு 6,000 பைட். 128 கிலோபிட் எம்பி3 பாடலுக்கு விநாடிக்கு 16,000 பைட் வேண்டும். மூளை அலை ஒரு பாட்டைவிட இலேசானது!

சிக்கல் நேரத்தில் இருக்கிறது. இணையத்தில் படம் பார்க்கும்போது செயலி அடுத்த பல விநாடிகளுக்கான காட்சியை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்கிறது. வலையமைப்பு கொஞ்சம் திக்கினாலும் நமக்குத் தெரிவதில்லை. காட்சி மூன்று விநாடி பிந்தி வந்தாலும் நட்டமில்லை. மூளை அலையில் அப்படி இல்லை. எதிர்பாராத ஒரு படத்தைப் பார்த்ததும் ஏறத்தாழ 300 மில்லிவிநாடி கழித்து மூளையில் ஒரு மேடு எழுகிறது. அதன் பெயர் பி300. 1988-இல் அமெரிக்காவில் ஃபார்வெல், டான்ச்சின் என்ற இருவர் இதைக்கொண்டு எழுத்துப் பலகை ஒன்றைச் செய்தார்கள். 6 வரிசை, 6 நிரல், மொத்தம் 36 கட்டங்கள். வரிசைகளும் நிரல்களும் மாறி மாறி மின்னும். நாம் மனத்தில் வைத்திருக்கும் எழுத்து மின்னும்போது மட்டும் அந்த மேடு எழும். கை, வாய் எதையும் அசைக்க முடியாத நோயாளிக்கு இது ஒரு பேச்சு வழி.

அந்த மேடு ஒரே முறையில் கண்ணுக்குத் தெரிவது அரிது. பலமுறை மின்னவைத்து, அலைத் துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுக்க வேண்டும். அப்போது தற்செயலான இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், மேடு மிஞ்சும். ஆனால் எந்த நொடியில் மின்னியது என்ற குறிப்பு ஒரு முறை 20 மில்லிவிநாடியும் அடுத்த முறை 120 மில்லிவிநாடியும் தவறினால், மேடுகள் ஒன்றின்மேல் ஒன்று உட்காரா. சராசரியில் மேடு பரந்து தட்டையாகிவிடும். மூளை சரியாகவே வேலை செய்திருக்கும். நம் கடிகாரம்தான் கெடுத்திருக்கும்.

இரண்டு கணினிகளின் கடிகாரங்கள் ஒருபோதும் முழுமையாக ஒத்துப்போவதில்லை. கடிகாரம் 10 இலட்சத்தில் 50 பங்கு பிழையாக ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு மணி நேரத்தில் 180 மில்லிவிநாடி விலகிவிடும். பி300-ஐத் தேடுபவருக்கு அது மிகப் பெரிய விலகல்.

இதற்கு ஆய்வாளர்கள் கண்ட வழி மிக எளிமையானது. ஒவ்வொரு மாதிரிக்கும் அனுப்பும் கணினியே நேர முத்திரை குத்துகிறது. பெறும் கணினி அவ்வப்போது, “உன் கடிகாரத்தில் மணி என்ன?” என்று கேட்கிறது. என் கடிகாரத்தில் 0 மில்லிவிநாடியில் கேட்டேன். பதில் 40-இல் வந்தது. பதிலில் இருந்த நேரம் 520. போகவும் வரவும் ஒரே அளவு நேரம் ஆனது என்று கொண்டால், அவர் 520 என்றபோது என் கடிகாரத்தில் 20 ஆக இருந்திருக்கும். ஆகவே அவர் கடிகாரம் என்னுடையதைவிட 500 முந்துகிறது. இனி அவர் முத்திரையிலிருந்து 500 கழித்தால் போதும். படிவம் ஒன்று மாணவரும் போடக்கூடிய கணக்கு. உலகெங்கும் கணினிகள் இணையத்தில் மணியைச் சரிசெய்வதும் இதே கருத்தில்தான்.

மூளை ஆய்வகங்களில் இந்த வேலையைச் செய்யும் இலவச மென்பொருள் ஒன்றின் பெயர் லேப் ஸ்ட்ரீமிங் லேயர், சுருக்கமாக எல்.எஸ்.எல். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் உருவானது. நெதர்லாந்தின் நைமேகன் நகரில் பிறந்த ஃபீல்ட்டிரிப், பிரான்சில் பிறந்த ஓப்பன்வைப் போன்ற மென்பொருள்களும் நேரலை அலையை ஆராயும். பைத்தான் தெரிந்தவர்களுக்கு எம்.என்.இ. இருக்கிறது. எல்லாம் இலவசம்.

ஆனால் மென்பொருளால் தீராத ஒன்றும் உண்டு. ப்ளூடூத் தலைப்பட்டை அலையை அளந்து, கட்டிக் கணினிக்கு அனுப்பச் சில பத்து மில்லிவிநாடிகள் ஆகலாம். கணினி முத்திரை குத்துவது அதற்குப் பிறகுதான். முத்திரைக்கு முன் நடந்த தாமதம் எந்த மென்பொருளுக்கும் தெரியாது. ஒளி உணரியைத் திரையில் ஒட்டி, கையால் அளந்துதான் கண்டுபிடிக்க வேண்டும். இப்படிப்பட்ட இடங்களில்தான் ஒரு மாணவர் அறிவியலாளராக மாறுகிறார் என்பது என் எண்ணம்.

இதெல்லாம் எஸ்.பி.எம். தேர்வில் வராது என்று சிலர் சொல்வார்கள். வராதுதான். ஆனால் அலை, மின்னழுத்தம், சராசரி, அளவீட்டுப் பிழை எல்லாம் வரும். கருவி விலை அதிகம் என்பது இதைவிட நியாயமான தடை. அதற்கும் வழி உண்டு. கருவியே இல்லாமல் தொடங்கலாம். இரண்டு மடிக்கணினிகள் போதும். ஒன்றில் பைத்தான் நிரல் 10 ஹெர்ட்ஸ் போலி அலையை உருவாக்கி, அதில் கொஞ்சம் இரைச்சலையும் கலந்து எல்.எஸ்.எல். வழியாக அனுப்பட்டும். மற்றொன்று அதைப் பெற்று, இரைச்சலுக்குள் ஒளிந்திருக்கும் 10 ஹெர்ட்ஸைக் கண்டுபிடிக்கட்டும். இரைச்சலைக் கூட்டிக்கொண்டே போய், எந்த அளவில் மேடு மறைகிறது என்று பாருங்கள். இதைச் செய்த குழு, பின்னர் உண்மையான தலைப்பட்டை கிடைக்கும்போது 78 என்ற எண்ணைப் பார்த்து மயங்காது.

இன்னொரு காரணமும் இருக்கிறது. எனக்கு இதுவே முதன்மையானது. 2019-இல் சீனாவின் ஜின்ஹுவா நகரில் ஒரு தொடக்கப்பள்ளி, வகுப்பில் பிள்ளைகளுக்கு மூளை அலைத் தலைப்பட்டை அணிவித்தது. ஒவ்வொரு பிள்ளையின் கவன எண்ணும் ஆசிரியரின் கணினிக்கு நேரலையில் போனது. நெற்றியில் ஒரு விளக்கு, கவனத்துக்கேற்ப நிறம் மாறியது. செய்தி பரவியதும் மக்கள் கொதித்தார்கள், அது நிறுத்தப்பட்டது. புருவம் நெரித்தால் மாறக்கூடிய ஓர் எண்ணைக் கொண்டு தொடக்கப்பள்ளிப் பிள்ளையை அளந்தால், அந்தப் பிள்ளை அதை எதிர்த்து எப்படி வாதிடும்? மூல அலையைக் கையில் வைத்திருப்பவருக்குத்தான் “இது தவறு” என்று சொல்ல வழி இருக்கிறது.

சிலி நாடு 2021-இல் தன் அரசமைப்புச் சட்டத்தையே திருத்தி, மூளைச் செயல்பாட்டையும் அதிலிருந்து பெறும் தகவலையும் காக்க வேண்டும் என்று எழுதிவைத்தது. 2023-இல் அந்நாட்டின் உச்ச நீதிமன்றம், முன்னாள் செனட்டர் ஒருவரின் மூளைத் தரவை அழிக்கும்படி ஒரு தலைப்பட்டை நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. இன்று வெறும் கோடாகத் தெரியும் பதிவிலிருந்து நாளை என்ன கண்டுபிடிப்பார்கள் என்பதை யாராலும் உறுதியாகக் கூற முடியாது. பதிவு அழியாமல் இருந்தால், நாளைய சூத்திரத்தை இன்றைய பதிவின்மேல் ஓட்டலாம்.

இந்த எச்சரிக்கை நான் பரிந்துரைக்கும் முறைக்கும் பொருந்தும். எல்.எஸ்.எல். திறந்த மனத்தோடு செய்யப்பட்டது. அதே வலையமைப்பில் உள்ள எந்தக் கணினியும் “இங்கே இ.இ.ஜி. இருக்கிறதா?” என்று கேட்டால், தரவு அனுப்பும் கணினி “இருக்கிறது” என்று பதில் சொல்லிவிடும். ஆய்வகத்துக்கு அது வசதி. நானூறு கைப்பேசிகள் தொங்கிக்கொண்டிருக்கும் பள்ளி வைஃபையில் அது வசதி அல்ல. எனவே பள்ளியில் செய்வதானால் நான் கேட்பது இவ்வளவுதான்: இணையத்தோடு இணையாத தனி ரௌட்டர், கோப்பில் பெயருக்குப் பதில் குறியீட்டு எண், பெற்றோரின் எழுத்துமூல இசைவு, “எனக்கு வேண்டாம்” என்று சொல்லும் மாணவருக்குப் போலி அலைக் கணினியில் அதே வேலை. பாடம் முடிந்ததும், யாருடைய அலையோ அவர் கையாலேயே அந்தக் கோப்பை அழிக்க வேண்டும், மற்றவர்கள் மேசையைச் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே.