ஏட்டில் ஏறாத வெடி



2012-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 5-ஆம் நாள், சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்தது. முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களிலே பலர் அங்கே கூலிக்கு நின்றவர்கள்கூட அல்லர்; புகை கண்டு ஓடோடி வந்த அக்கம்பக்கத்தார். அடுத்து எழுந்த வெடி அவர்களையும் வாரிக்கொண்டு போயிற்று. அழுது தீர்த்த செய்தி அது. நான் கேட்க வந்தது வேறு. இப்படி மாள்வோர் அரசாங்க ஏட்டில் எந்த எண்ணாக ஏறுகிறார்கள்?

"இதென்ன கேள்வி? வெடி விபத்து என்று எழுதிவிட்டுப் போகிறார்கள்" என்பீர்கள். அத்தனை எளிதன்று.

சாவின் காரணங்களுக்குப் பட்டியல் போடும் வேலையை 1893-இல் பெர்த்தியோன் என்னும் பிரெஞ்சுக்காரர் தொடங்கி வைத்தார். 1948 முதல் அது உலக சுகாதார நிறுவனத்தின் பொறுப்பு. 1990-இல் ஏற்கப்பட்ட பத்தாம் திருத்தம் காயம் பட்டவனைப் பற்றி இரண்டு கேள்வி கேட்கிறது: உடலுக்கு என்ன ஆயிற்று? எதனால் ஆயிற்று? தீக்காயத்துக்கு டி 20 முதல் 32 வரை எண்கள் உண்டு. ஆனால் காரணம்? கொதிகலன் வெடித்தால் டபிள்யூ 35. பட்டாசு வெடித்தால் 39. வேறு வெடிபொருள் என்றால் 40. பிறன் வெடி வைத்துக் கொன்றால் எக்ஸ் 96. போரிலே என்றால் ஒய் 36. புண் ஒன்றுதான்; யாரால், எங்கே என்பதில்தான் எண் மாறுகிறது!

தீபாவளியன்று தெருவில் சரவெடி கொளுத்திய சிறுவனுக்கும் 39. ஆலையில் பட்டாசு வெடித்துக் கருகிய தாய்க்கும் அதே 39 விழக்கூடும். தொழிற்கூடம் என்பதற்கு 6, கூலிக்கு உழைக்கையில் என்பதற்கு 2 என இரண்டு இலக்கங்கள் பின்னால் சேர்ந்தால்தான் இருவரும் வேறாவர். அந்த 2-ஐ எழுதுவது கட்டாயமன்று என்பதை அறிவீர்களா? உதவ ஓடி வந்து மாண்டவனுக்கோ அந்த 2 பொருந்தவே பொருந்தாது.

இதைவிடக் கொடுமை உண்டு. வெந்த உடல் பல நாள் கிடந்து, குருதியில் நஞ்சேறி உயிர் போகிறது. சான்றிதழிலே முதல் வரி செப்டிசீமியா, அடுத்த வரி தீக்காயம், அத்தோடு முற்றுப்புள்ளி. குறியீடு எழுதுபவர் என் செய்வார்? தீ என்று மட்டும் தெரிந்தால் எக்ஸ் 09. அதுவும் தெரியாவிட்டால், குறிப்பிடப்படாத காரணி, எக்ஸ் 59. அடுப்படித் தீயும் ஆலை வெடியும் ஒரே குவியலில்! ஆண்டு முடிவில் கணக்கெடுப்பவர் கண்ணுக்கு ஆலையும் தெரியாது, வெடியும் தெரியாது. பாதுகாப்பு கேட்டுச் சென்றால், "ஆதாரம் எங்கே?" என்பார்கள்.

மருத்துவரைச் சாடவில்லை நான். இரவெல்லாம் கட்டுப்போட்ட கைக்குப் படிவம் நிரப்பப் பொழுதேது? 2022 சனவரியில் நடைமுறைக்கு வந்த பதினோராம் திருத்தம் குறியீடுகளைக் கோத்து எழுத வழி தருகிறது. நல்லதுதான், எழுதாத விவரத்தை எந்தத் திருத்தம் கோக்கும்?

மருத்துவமனைச் சாவுக்கான படிவம் 4-இல் "காயம் எவ்வாறு நேர்ந்தது?" என்றொரு கேள்வி இருக்கிறது. 2023-இல் திருத்திய சட்டப்படி நெருங்கிய உறவினர்க்கும் சான்றிதழின் படி ஒன்று உண்டு. துயருற்ற குடும்பத்தோடு மருத்துவமனை வாசலில் நிற்கும் தோழர்களே, அந்தத் தாளை வாங்கியதும் முதலில் அந்த வரியைப் பாருங்கள். வெற்றாக இருந்தால் பணிவோடு மருத்துவரிடம் திரும்பிச் செல்லுங்கள். பட்டாசு ஆலையில் வேலை செய்கையில் மருந்து வெடித்தது: ஆறே சொற்கள்தாம், கேட்டு வாங்குங்கள்.