அந்தமானில் நடந்ததும் அயலார் கதையோ?

கொரியப் பெண்டிரின் கண்ணீருக்கும் வடசேரிக்கும் என்ன உறவு என்று கேட்கின்றனர் சிலர். உறவு உண்டு, தோழர்களே! தோள்சீலைக்காகப் போராடி 1859-இல் ஆணை பெற்ற குமரி மண் இது.

1942-இல் அந்தமானைப் பிடித்த ஜப்பானியப் படை, தன் சிப்பாய்களின் இச்சைக்கென அங்கும் கொரியப் பெண்களைக் கொண்டுவந்து அடைத்தது. ‘ஆறுதல் மகளிர்’ என்று பெயராம்! யாருக்கு ஆறுதல்? 1991-இல் கிம் ஹாக் சுன் என்ற மூதாட்டி முகம் மறைக்காமல் உண்மையை உரைத்தார். 1993-இல் ஜப்பானிய அரசு தன் படையின் பங்கை ஒப்புக்கொண்டது, வருத்தமும் தெரிவித்தது. சட்டப்படி இழப்பீடு என்றதும் கை மூடிக்கொண்டது. 2021-இல் சியோல் நீதிமன்றம் தீர்ப்பளித்தும் தரவில்லை.

மன்னிப்புக் கேள் என்று 2007-இலேயே அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை தீர்மானம் இயற்றிற்று. அந்தமானோ நம்முடையது! தில்லி நாடாளுமன்றம் வாய் திறக்க வேண்டாமா? எங்கள் வாக்கைப் பெற்றுச் சென்ற உறுப்பினர்களே, தீர்மானத்தைக் கொண்டுவாருங்கள். சாட்சி சொன்ன மூதாட்டியர் ஒவ்வொருவராய் மறைந்துகொண்டிருக்கின்றனர்.