விசாவைப் பகடையாக்க வேண்டாம்

2025 ஆகஸ்ட் 28 அன்று இந்தியாவும் கனடாவும் புதிய தூதர்களை அறிவித்தன. வரவேற்க வேண்டிய செய்தி. ஆனால், தூதர்கள் திரும்புவதோடு வேலை முடிந்துவிடாது.

கனடாவில் வாழ்ந்த காலிஸ்தான் ஆதரவாளர் ஹர்தீப் சிங் நிஜ்ஜார் கொலையில் இந்திய அரசின் முகவர்களுக்குத் தொடர்பிருக்கலாம் என்று 2023 செப்டம்பர் 18 அன்று அப்போதைய கனடிய பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ குற்றம்சாட்டினார். இந்தியா மறுத்தது. மூன்றே நாளில், பாதுகாப்பைக் காரணம் காட்டி, கனடியர்களுக்கான விசாவையும் நிறுத்தியது. தூதரகத்தின் அளவைக் குறைக்க இந்தியா சொன்னதால், அக்டோபரில் 41 கனடிய தூதரக அதிகாரிகள் இந்தியாவைவிட்டு வெளியேற நேர்ந்தது. மும்பை சேனாபதி பாபட் சாலையில் உள்ள கனடிய துணைத் தூதரகத்தில் நேரடிச் சேவை நின்றது. இந்தியாவிலிருந்த கனடிய குடிவரவு அதிகாரிகள் 27 பேரில் ஐந்து பேரே எஞ்சினர். விசா தாமதமாகும் என்று கனடாவே அறிவித்தது.

சுமை யார் தலையில் விழுந்தது? மகளின் பிரசவத்துக்காக டொராண்டோ செல்லக் காத்திருக்கும் மும்பைச் செம்பூர் அம்மாவுக்குத் தாமதம் என்பதே மறுப்புதான். விசா வரும்வரை பேரப்பிள்ளை காத்திருக்காது. கடன் வாங்கிக் கல்லூரிக் கட்டணம் கட்டிய தாராவிக் குடும்பத்துக்கும் அப்படியே. இந்தியாவின் தடையில், இந்திய வம்சாவளியினருக்குத் தரப்படும் ஓசிஐ அட்டை வைத்திருந்தவர்கள் தப்பினர். கனடிய பாஸ்போர்ட் வைத்திருக்கும் ஈழத்தமிழர்களில் பெரும்பாலோருக்கு அந்த அட்டை கிடையாது. சென்னையில் கல்யாணப் பட்டு எடுக்கவோ, திருச்செந்தூரில் நேர்த்திக்கடன் செலுத்தவோ நினைத்தவர்களுக்கு வழி அடைபட்டது.

விசா தருவதும் மறுப்பதும் ஓர் அரசின் உரிமை. தூதரகத்தின் அளவை வரையறுக்க 1961 வியன்னா ஒப்பந்தத்தின் 11-வது பிரிவும் இடம் தருகிறது. உரிமை இருப்பதால் மட்டும் அது நியாயமாகிவிடாது. சச்சரவில் பங்கே இல்லாதவர்களை அது தண்டிக்கிறது.

இதற்கு மாற்றுவழி உண்டு என்பதற்குப் பாகிஸ்தானுடனான உறவே சான்று. 2008 ஒப்பந்தப்படி, ஆண்டுதோறும் ஜனவரி 1, ஜூலை 1 தேதிகளில் இரு நாடுகளும் சிறையிலுள்ள கைதிகள், மீனவர்களின் பட்டியலைப் பரிமாறிக்கொள்கின்றன. 2025 மே மாத மோதலுக்குப் பிறகும் ஜூலை 1 அன்று பட்டியல்கள் கைமாறின. ஆனால், அதே ஆண்டு பாகிஸ்தானியரின் மருத்துவ விசாக்கள்கூட ஏப்ரல் 29-உடன் செல்லாமல்போயின. எழுத்தில் இருந்தது பிழைத்தது, இல்லாதது பறிபோனது.

கனடாவுடனும் அப்படியொரு ஒப்பந்தம் வேண்டும். இறப்பு, பிரசவம், சிகிச்சை, இடம் கிடைத்த மாணவர்கள் ஆகிய நான்குக்கும் எந்தச் சூழலிலும் விசாப் பரிசீலனை நிற்கக் கூடாது. அதற்கான ஊழியர்களைப் பதிலடிக் கணக்கில் சேர்க்கக் கூடாது. பாதுகாப்புச் சோதனை வழக்கம்போல் நடக்கட்டும். உறவு சீராகிவரும் இப்போதே வெளியுறவு அமைச்சகம் இதைப் பேசி முடிக்க வேண்டும். அடுத்த சச்சரவு மூண்டபின் கேட்டால் எந்த அரசும் இறங்கிவராது.